திருப்பித் தராதவர்

அவருக்கு எதையும் இரவல் கொடுக்கக் கூடாது என்று எங்கள் தெருவில் எல்லாரும் சொல்வார்கள். கொடுத்தால் திரும்பி வராது. ஆனால் அவர் வாசலில் வந்து நின்றால் இல்லை என்று சொல்ல யாருக்கும் வாய் வராது. கேட்டுக்கு வெளியே சைக்கிளை நிறுத்தி, ஸ்டாண்டைச் சரியாகப் போட்டு, சட்டையின் கீழ்நுனியை ஒருமுறை இழுத்துவிட்டுக்கொண்டு நேராக நிற்பார். கூப்பிட மாட்டார். நாம் பார்க்கும் வரைக்கும் நிற்பார். பார்த்துவிட்டால், "டீச்சரம்மா, ஒரு ஒதவி" என்பார்.

அவர் பெயரை நான் எழுதப் போவதில்லை. எழுதினால் அவருக்குப் பிடிக்காது. அதைவிட, அவர் இரவல் வாங்கிய வீடுகளெல்லாம் எவை என்று ஊருக்குத் தெரிந்துவிடும். எங்கள் வீடும் அதில் ஒன்று. எங்கள் வீட்டைப் பற்றி நானே எழுதலாம், மற்றவர்களைப் பற்றி எழுத எனக்கு உரிமையில்லை. ஊரில் எல்லாரும் அவரை மிலிட்டரிக்காரர் என்றே சொன்னார்கள். நானும் அப்படியே சொல்கிறேன்.

விருத்தாசலத்தில் பீங்கான் தொழிற்பேட்டைக்குள் மூடிக்கிடந்த ஒரு கம்பெனிக்கு அவர் வாட்ச்மேனாக இருந்தார். பட்டாளத்தில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்றவர். அங்கேயும் துப்பாக்கி பிடித்த நாட்களைவிட ஸ்டோரில் இருந்த நாட்கள்தான் அதிகமாம். கம்பளி, பூட்ஸ், கூடாரம், மண்ணெண்ணெய் எல்லாவற்றையும் கொடுக்கிற இடம், திரும்ப வாங்கி வைக்கிற இடம். அந்தப் பழக்கம் அவர் பேச்சில் ஒட்டிக்கொண்டிருந்தது. ஒரு பொருளை வாங்கிப் பத்திரமாக வைத்துவிட்டால் "ஜமா ஆயிடுச்சி" என்பார். நம் பொருள் அவரிடம் ஜமா ஆகிவிட்டால் அதோடு சரி.

அவர் கேட்பதும் பெரும்பாலும் ஒரே பொருள்தான். வயலுக்கு, தோப்புக்கு அடிக்கிற பூச்சி மருந்து. எங்கள் பக்கத்தில் முந்திரித் தோப்பு, கரும்பு, நெல் என்று ஏதாவது ஒன்று இல்லாத குடும்பம் குறைவு. மருந்து டப்பா இல்லாத வீடும் குறைவு. மாட்டுக் கொட்டகையில், மாடிப்படிக்குக் கீழே, ஜன்னல் விளிம்பில் என்று எங்காவது ஒன்று பாதி தீர்ந்து உட்கார்ந்திருக்கும். அதைக் கேட்டு வாங்கி, துணியில் சுற்றி, சைக்கிள் கேரியரில் ரப்பர் பட்டையால் இரண்டு தடவை இறுக்கிக் கட்டிக்கொண்டு போவார். ஒரு வாரம் கழித்து வந்து, பதிலுக்கு ஒரு பீங்கான் கோப்பை கொடுத்துவிட்டுப் போவார். அவர் காவல் காத்த கம்பெனியில் விற்காமல் ஒதுக்கிய சரக்கு. கைப்பிடி கோணலாக இருக்கும், அல்லது மேற்பூச்சு ஒரு பக்கம் வழிந்திருக்கும்.

இதில் பெரிய வேடிக்கை என்னவென்றால், அவருக்கு நிலமே கிடையாது. எங்கள் எதிர்வீட்டு மளிகைக்காரர் இதை வைத்து அவரைச் சீண்டிக்கொண்டே இருப்பார்.

"மிலிட்டரி, ஒனக்கு ஒரு குழி காணி கூட கெடையாது. மருந்த எங்கதான் அடிக்கிற?"

"ரோஜா வச்சிருக்கங்க."

"ரெண்டு தொட்டி ரோஜாவுக்கு ஊரு மருந்தெல்லாமா?"

"பூச்சி ஜாஸ்திங்க" என்பார் சிரிக்காமல்.

அவர் அதை விற்றுக் காசாக்குகிறார் என்று ஒரு பேச்சு இருந்தது. பட்டாளத்துக்காரருக்குப் பென்ஷன் வருகிறதே, இது எதற்கு என்று இன்னொரு பேச்சு. தலையில் ஏதோ கோளாறு என்று சொன்னவர்களும் உண்டு. எங்கள் மாவட்டத்து மங்களூர்ப் பக்கத்து விவசாயி ஒருவர் தன் டப்பாவைக் கேட்டுத் தொழிற்பேட்டை வாசலில் வந்து சத்தம் போட்டார். பட்டாளத்திலிருந்து வந்த தன் தம்பியிடம் இந்த ஆள் நைசாகப் பேசி வாங்கிக்கொண்டு போய்விட்டார் என்றார். நாட்டைக் காத்தவன் இப்படித் திருடலாமா என்று அவர் கேட்டதைப் பத்துப் பேர் நின்று பார்த்தார்கள். மிலிட்டரிக்காரர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, கால்களைச் சற்று அகட்டி, அதிகாரி திட்டும்போது நிற்பதுபோல நின்றாராம். டப்பாவை மட்டும் கொடுக்கவில்லை.

பெண்ணாடத்தில் வங்கிக் காவலுக்குப் போய்க்கொண்டிருந்த இன்னொரு முன்னாள் ராணுவக்காரரிடம் சொந்த லைசென்ஸ் துப்பாக்கி இருந்தது. அந்த வேலை நின்ற பிறகும் அதை வீட்டில் வைத்திருந்தார். மிலிட்டரிக்காரர் தினமும் பஸ் பிடித்துப் போய் அந்த வீட்டில் உட்கார்ந்தார். வீட்டில் கரையான் இருக்குது, துப்பாக்கிக் கட்டையை அரித்துவிடும், போலீஸ் ஸ்டேஷனில் ஜமா பண்ணிவிடு என்று ஒரே பாட்டு. அந்த மனிதர் தொல்லை தாங்காமல் கொண்டுபோய் ஒப்படைத்துவிட்டு வந்தார். "கரையானாம். எங்க வூடு பூரா கிரானைட்டு" என்று அவர் மனைவி பஸ்ஸில் என்னிடம் சொல்லிச் சிரித்தாள். நானும் சேர்ந்து சிரித்தேன். ஆனால் அந்தச் சிரிப்பு முடிந்ததும் அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஊர் வரும்வரைக்கும் வெளியேயே பார்த்துக்கொண்டு வந்தாள். அது எனக்கு அப்போது புரியவில்லை.

அவருக்குப் பேச வராது என்பதையும் சொல்ல வேண்டும். துக்க வீட்டுக்கு வந்தால், இறந்தவரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல், போர் போட்டீர்களே தண்ணீர் எத்தனை அடியில் வந்தது என்று கேட்பார். கல்யாண வீட்டில் மாப்பிள்ளையிடம் ரயில் நேரம் விசாரிப்பார். மனதில் இருப்பது ஒன்று, வாயில் வருவது வேறு. அவர் மனைவி அதற்கு நேர்மாறு. குள்ளமான, வாயாடியான பெண்மணி. "எங்க வூட்டுக்காரருக்கு வாயி இருக்குறது சாப்புடறதுக்கு மட்டுந்தான். மீதியெல்லாம் நாந்தான் பேசியாவணும்" என்பாள்.

எங்கள் வீட்டுக்கு அவர் முதலில் வந்தது என் மகன் பட்டாளத்திலிருந்து திரும்பிய வாரத்தில்.

எங்களுக்கு ஒரே பையன். பத்தொன்பது வயதில் அவனாகவே ஓடிப்போய் ஆள் எடுப்பில் நின்று தேர்வானவன். வடக்கே பனி மலைகளில் இருந்தான். ஒரு பனிச்சரிவில் அவன் தோளெலும்பு நொறுங்கியது, ஒரு காது கேட்காமல் போனது. கூட இருந்த நண்பன் திரும்பவில்லை. இவனை ஆஸ்பத்திரியில் வைத்திருந்து, மருத்துவக் குழு பார்த்து, இனிப் பணிக்கு ஆகாது என்று அனுப்பிவிட்டார்கள். ஜங்ஷனில் ரயிலைவிட்டு இறங்கியபோது கருப்புப் பெட்டியை நல்ல தோளில் வைத்துக்கொண்டு சிரித்தான். உயிரோடு வந்துவிட்டானே என்பதைத் தவிர எனக்கு வேறு நினைப்பில்லை. சொந்தக்காரர்கள் வந்து பார்த்தார்கள். பென்ஷன் வருமா என்றார்கள், பெண் பார்க்கலாமா என்றார்கள். அவன் எல்லாவற்றுக்கும் தலையாட்டினான்.

அந்தக் கூட்டத்துக்குப் பின்னால்தான் மிலிட்டரிக்காரர் வாசலில் நின்றுகொண்டிருந்தார். "ஒரு ஒதவி" என்றார். என் கணவர் முந்திரிக்கு வாங்கி வைத்திருந்த மருந்தைக் கொடுத்தார். அதோடு அது போனது.

அதன்பிறகு அடிக்கடி வந்தார். வந்தால் மகனோடு மாடி அறையில் உட்கார்ந்து இந்தி பாதி தமிழ் பாதியாகப் பட்டாளத்துச் சமையலைப் பற்றிப் பேசுவார். உப்பில்லாத பருப்பு, கல்லாகிப்போன பூரி, எந்த ஊர்ச் சமையல்காரன் திருடன் என்பது மாதிரியான பேச்சு. மகன் அவரைப் பட்டாளத்து வழக்கப்படி "சாப்" என்று கூப்பிடுவான். அவன் வாய்விட்டுச் சிரித்தது அந்த நேரங்களில் மட்டும்தான். ஒரு பீங்கான் கம்பெனியில் மின்சார ஃப்யூஸ் கட்டைகளைத் தரம் பிரிக்கிற வேலைக்கு அவர்தான் சொல்லிச் சேர்த்துவிட்டார். மகன் சில மாதம் போனான். பிறகு நின்றுவிட்டான். பகலில் தூங்கினான். கேட்டால் தோள் வலி என்றான். தோள் வலிதான் என்று நாங்களும் நம்பினோம். எலும்புக்கு எண்ணெய் தேய்த்தோம்.

அடுத்த தையில் முந்திரி பூத்தது. என் கணவர் புதிதாக மருந்து வாங்கி வந்தார். பெண்ணாடத்தில் ஆலை வேலை அவருக்கு. கரும்பு வரத்து அதிகமான பருவம் என்பதால் ஞாயிற்றுக்கிழமைதான் தோப்புக்குப் போக முடியும். டப்பாவை மேசையில் வைத்துவிட்டு மகனைக் கூப்பிட்டார்.

"டேய், இத பரண் மேல உள்ள தள்ளி வையி. மிலிட்டரி கண்ணுல பட்டா ரோஜாவுக்குப் போயிடும்."

மூன்று பேரும் சிரித்தோம். மகனும் சிரித்தான். ஸ்டூல் போட்டு ஏறி, பழைய பித்தளைப் பாத்திரங்களுக்குப் பின்னால் வைத்துவிட்டு இறங்கினான்.

அந்தச் சனிக்கிழமை மதியம் மிலிட்டரிக்காரர் வந்தார். வாசலில் நிற்கவில்லை. பக்கவாட்டுச் சந்து வழியாக நேராகச் சமையலறைக் கதவுக்கு வந்துவிட்டார். அவர் அப்படி வந்து நான் பார்த்ததில்லை. கையில் ஒரு மஞ்சள் துணிப்பை. கணவர் ஆலைக்குப் போயிருந்தார். மகன் மாடியில் படுத்திருந்தான்.

நான் முந்திக்கொண்டேன். மருந்து இன்னும் வாங்கவில்லை, அடுத்த வாரம்தான் என்றேன். சரி என்று தலையாட்டினார். போகவில்லை. அங்கிருந்த முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். டீ கொடுத்தேன், குடித்தார். தண்ணீர் கேட்டார், குடித்தார். பள்ளிக்கூடத்தில் சத்துணவு எப்படி இருக்கிறது என்று கேட்டார். மணிமுத்தாற்றில் இந்த வருஷம் எவ்வளவு தண்ணீர் வந்தது என்று கேட்டார். எனக்கு விடைத்தாள் திருத்த வேண்டும், துணி மடிக்க வேண்டும். அவர் எழுந்திருப்பதாக இல்லை. சரி, உட்காரட்டும் என்று நான் காராமணி உரிக்க ஆரம்பித்தேன். அவரும் கைநிறைய எடுத்து உரிக்க ஆரம்பித்தார். ஒரு காய்கூடச் சரியாக உரிபடவில்லை.

பிறகு பையிலிருந்து ஒரு ஸ்வெட்டரை எடுத்து மடிமேல் வைத்தார். என் மகனுடைய பட்டாளத்து ஸ்வெட்டர். நல்ல கனமான கம்பளி. அதைப் பெட்டியைவிட்டு வெளியில் எடுக்கவே மாட்டான்.

"நேத்து தம்பி வந்து இதக் குடுத்துட்டுப் போச்சிம்மா. நீங்க வச்சிக்குங்க சாப், எனக்கு வேணாம்னிச்சி. கை கடியாரத்தையும் கம்பெனியில ஒரு பையனுக்குக் குடுத்துருக்குது."

விருத்தாசலம் வெயிலுக்கு ஸ்வெட்டர் எதற்கு என்று கொடுத்திருப்பான் என்றேன்.

அவர் இல்லை என்று தலையை ஆட்டினார். "நான் வூடு வூடா எரவல் கேக்குறவன். எனக்கு எவனும் தானா வந்து குடுத்ததில்லம்மா."

நான் உரிப்பதை நிறுத்திவிட்டேன்.

அவர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். திட்டக்குடிப் பக்கத்தில் அவருக்கு ஒரு நண்பர் இருந்தாராம். ஒரே நாளில் பட்டாளத்தில் சேர்ந்து, ஒரே வருஷத்தில் ஓய்வு பெற்றவர்கள். ஊருக்கு வந்தபின் ஒருநாள் சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போயிருக்கிறார். இருவரும் டீ குடித்தார்கள். நண்பர் அன்றைக்கு நன்றாகவே பேசினாராம், பழைய போட்டோக்களையெல்லாம் எடுத்து இவரிடம் கொடுத்தாராம். இவரும் சந்தோஷமாக வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். மறுநாள் சாவுச் சேதி வந்தது.

"ஜன்னல் கட்டையில அந்த டப்பா இருந்திச்சிம்மா. டீ கிளாஸ் வைக்க எடம் பத்தல. நாந்தான் அத ஓரமா நவுத்தி வச்சன். இந்தக் கையாலதான் நவுத்தி வச்சன்."

காராமணித் தோல் ஒட்டியிருந்த வலது கையை எனக்குக் காட்டினார்.

அப்போது எனக்கு எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகப் புரிந்தது. மங்களூர் விவசாயியின் தம்பி. பெண்ணாடத்துத் துப்பாக்கி. எங்கள் வீட்டுக்கு அவர் வந்த வாரம்.

"வூட்ல இருக்குதுன்னு தெரியும். சார் கடையில வாங்குனத பாத்தவங்க சொன்னாங்க. எங்க இருக்குதுன்னு மட்டும் சொல்லுங்க டீச்சரம்மா."

பரண் மேல், என்றேன். யார் வைத்தது என்று கேட்டார். சொன்னேன். அவர் கண்ணை மூடித் திறந்தார். ஸ்டூலை எடுத்துப்போட்டு ஏறினார். நான் ஸ்டூலின் காலைப் பிடித்துக்கொண்டேன். பித்தளைப் பாத்திரங்கள் ஒன்றோடொன்று இடித்தன. அங்கே இல்லையோ, அவன் எடுத்துவிட்டானோ என்று அந்தச் சில நொடிகளில் எனக்கு உயிரே இல்லை. இருந்தது. மூடி பிரிக்காமல் இருந்தது. அதை ஸ்வெட்டரில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

அதோடு முடிந்தது என்று நினைத்தேன். அவர் இல்லை என்றார்.

"இத எடுத்துட்டா இன்னிக்கிக்கு ஆச்சி. அதுக்குள்ள யாராச்சும் கேக்கணும். நீங்க போயி கேளுங்க."

"என்னான்னு கேக்கறது?"

"செத்துடணும்னு தோணுதான்னு கேளுங்க. அப்புடியேதான் கேக்கணும்."

நான் மாட்டேன் என்றேன். கேட்டால் இல்லாத நினைப்பும் வந்துவிடுமே என்றேன். எந்தத் தாய் அதைக் கேட்பாள் என்றேன். அவனுக்கு உங்களிடம்தான் பேச்சு வருகிறது, நீங்களே கேளுங்கள் என்று கையெடுத்துக் கும்பிட்டேன்.

"நானும் அப்புடித்தாம்மா நெனச்சிருந்தன். கேட்டா வராது, கேக்காம வுட்டாத்தான் உள்ளயே ஊறும்னு புதுச்சேரி டாக்டரு சொன்னாரு. நானே கேக்கலாம்னா, எனக்கு வாயி வரலியே. முந்தா நாளு கேட்டுடணும்னுதான் மாடிக்குப் போனன். தம்பி மூஞ்சியப் பாத்ததும், கடப்பார இருக்குதா தம்பின்னு கேட்டுட்டன். கொல்லையில போயி எடுத்தாந்து குடுத்துச்சி. தூக்கிக்கிட்டுப் போயிட்டன்."

அந்த நிலையிலும் எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே அழுதேன். அவர் எழுந்து மாடிப்படிக்குக் கீழே போய் நின்றுகொண்டார். பையை மார்போடு அணைத்துக்கொண்டு, சட்டையின் நுனியை இழுத்துவிட்டுக்கொண்டார். "நான் இங்கியே நிக்கிறன். போங்க" என்றார்.

மகன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தான். கேட்கிற காது தலையணையில் இருந்தது. நான் பேசினாலும் அவனுக்குக் கேட்காது. அதனால் கட்டிலைச் சுற்றிப் போய், சுவருக்கும் கட்டிலுக்கும் நடுவில் இருந்த இடுக்கில் தரையில் உட்கார்ந்து அவன் முகத்துக்கு நேராக என் முகத்தை வைத்துக்கொண்டேன். முதலில் சாப்பிட்டியா என்றுதான் கேட்டேன். அவன் இல்லை என்றான். பிறகு மிலிட்டரிக்காரர் சொன்ன வார்த்தைகளை அப்படியே சொன்னேன்.

"செத்துடணும்னு தோணுதாப்பா?"

அவன் என்னையே பார்த்தான். யார் சொன்னார்கள் என்று கேட்டான். யாரும் சொல்லவில்லை, நான் கேட்கிறேன் என்றேன்.

"ஆமாம்மா" என்றான்.

ஆனால் அவன் அதைச் சொன்ன பிறகு நான் பயந்தது எதுவும் நடக்கவில்லை. அவன் முகம் தளர்ந்தது. நீண்டநேரம் மூட்டை சுமந்தவன் மூட்டையை இறக்கியதுபோல மூச்சுவிட்டான். "நீ கேக்க மாட்டன்னு நெனச்சன்" என்றான். அப்புறம் அவனாகவே பேசினான். பல நாளாக இருக்கிறது என்றான். எங்களுக்குப் பாரமாக இருக்கிறோம் என்று தோன்றுகிறது என்றான். திரும்பி வராத நண்பனைப் பற்றிச் சொன்னான். அவன் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். வா, இப்பவே டாக்டரிடம் போகலாம் என்று கடைசியில் சொன்னேன். அவன் எழுந்து சட்டை போட்டான்.

இறங்கி வந்தபோது மிலிட்டரிக்காரர் நின்ற இடத்தில் அப்படியே நின்றிருந்தார். மகன் அவரையும், மார்போடு இருந்த பையையும், வெளியே எட்டிப் பார்த்த ஸ்வெட்டரின் கையையும் பார்த்தான்.

"சாப், அது நான் ஒங்களுக்குக் குடுத்தது" என்றான்.

"ஜமா பண்ணிருக்கன். வேணுங்குறப்ப இஷ்யூ பண்றன்" என்றார் அவர். அன்றைக்கு அவர் வாயிலிருந்து சரியாக வந்த வாக்கியம் அது ஒன்றுதான்.

கணவருக்குப் போன் செய்தேன். அவர் ஆலையிலிருந்து நேராக வந்தார். வாடகைக் கார் பிடித்துப் புதுச்சேரிக்குப் போனோம். பையை வீட்டில் தன் மனைவியிடம் கொடுத்துவிட்டு மிலிட்டரிக்காரரும் ஏறிக்கொண்டார். வழி முழுக்க என் மகன் பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு ஊரிலும் எந்தக் கடையில் பஜ்ஜி நன்றாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டே வந்தார். அங்கே அவர் சொன்ன அந்தப் பெண் டாக்டர், நான் கேட்க அவ்வளவு பயந்த அதே கேள்வியை, எத்தனை நாளாகக் காய்ச்சல் என்று கேட்பதுபோலக் கேட்டார். மகனைச் சில நாட்கள் அங்கேயே வைத்துக்கொண்டார்கள். மாத்திரை, பேச்சு, மறுபடி மாத்திரை என்று மாதங்கள் போயின. ஒரே நாளில் எதுவும் சரியாகவில்லை. நல்ல வாரமும் வந்தது, கெட்ட வாரமும் வந்தது. பிறகு மெல்ல நல்ல வாரங்கள் கூடின.

அந்த நாட்களில் நான் அடிக்கடி தொழிற்பேட்டைக்குப் போவேன். அவர்கள் குடியிருந்த அறைக்குப் பின்னால் பழைய காலத்து வட்டச் சூளை ஒன்று இருந்தது. கேஸ் சூளை வந்தபிறகு எல்லாரும் கைவிட்ட நிலக்கரிச் சூளை. அதற்கு ஓர் இரும்புக் கதவு மாட்டி, பெரிய பூட்டுப் போட்டிருந்தார். வாங்கியதெல்லாம் அதற்குள்தான் இருந்தது. வாசலில் உண்மையாகவே இரண்டு தொட்டி ரோஜா. இலையெல்லாம் பூச்சி அரித்து ஓட்டை ஓட்டையாக இருந்தது. அவற்றுக்கு அவர் ஒரு சொட்டு மருந்துகூட அடித்ததில்லை.

சூளைச் சாவி அவரிடம் இல்லை. அவர் மனைவியின் தாலிக்கொடியில் ஊக்கு போட்டு மாட்டியிருந்தது. எதற்கு இதைச் சுமந்துகொண்டு திரிகிறீர்கள், அவரிடமே கொடுத்தால் என்ன என்று நான் விளையாட்டாகக் கேட்டுவிட்டேன்.

அவள் முறத்திலிருந்து தலையைத் தூக்கினாள். "அவருகிட்ட சாவி இருந்தா அப்பறம் பூட்டு எதுக்கு டீச்சரு?" என்றாள்.

அவர் அங்கேதான் ரோஜாவுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். காதில் விழுந்தது. வெட்கப்பட்டதுபோலச் சிரித்தார். "எனக்கும் அப்பப்ப வரும்மா. வந்தா இவகிட்ட சொல்லிடுவன்" என்றார்.

"சொல்லுவாரு. என்னான்னு சொல்லுவாருன்னு கேளுங்க" என்றாள் அவள். "இன்னிக்கி எனக்குக் கொழம்பு வேணாம்னுவாரு. அதுதான் சொல்றது. நான் அன்னிக்கி முழுக்க எங்கியும் நவுறாம கூடவே உக்காந்துக்குவன்."

அந்த டாக்டரிடம் அவரை முதலில் இழுத்துக்கொண்டு போனதும் அவள்தான் என்று பிறகு தெரிந்தது.

சில வருஷங்களில் அந்தக் கம்பெனி இடம் விலைபோனது. சூளையை இடிக்கப்போகிறார்கள் என்றதும் வேளாண்மை அலுவலகத்தில் சொல்லி, அத்தனையையும் ஒரு வேனில் ஏற்றி அனுப்பினார். எதிர்வீட்டு மளிகைக்காரர் வேடிக்கை பார்க்க வந்தார். வண்டி நிரம்புவதைப் பார்த்தவர், தானும் இரண்டு பெட்டிகளைத் தூக்கிக் கொடுத்தார். எல்லாம் போனபிறகு மிலிட்டரிக்காரரும் மனைவியும் ஓசூரில் இருக்கும் மகள் வீட்டுக்குக் கிளம்பினார்கள். கிளம்பும்போது என் மகனிடம் ஸ்வெட்டரைக் கொடுத்தார். மகன் வாங்கிக்கொண்டான். ஓசூரில் குளிரும் சாப், நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று அவன் சொல்லிவிடுவானோ என்று பயந்துகொண்டு நின்றேன். அவன் சொல்லவில்லை.

இப்போது மகன் பீங்கான் பொம்மைகளுக்கு மேற்பூச்சு போடுகிற கம்பெனியில் இருக்கிறான். தோப்புக்கான மருந்தை இப்போது நாங்கள் வீட்டுக்குக் கொண்டு வருவதில்லை. அடிக்கிற அன்று கடையில் வாங்கி அங்கேயே தீர்த்துவிடுகிறோம். பயம் எனக்குப் போகவில்லை. பள்ளிக்கூடத்தில் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருக்கும்போது திடீரென்று பரண் நினைவு வரும். எழுதியதை அப்படியே விட்டுவிட்டு வெளியே போய் அவனுக்குப் போன் செய்வேன். "என்னாம்மா?" என்பான். ஒன்றுமில்லை, சும்மாத்தான் என்பேன். அவனுக்கும் தெரியும். கோபித்துக்கொள்ள மாட்டான்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. தோசை வார்த்துக்கொண்டிருந்தேன். மகன் சமையலறைக்கு வந்து, கதவில் சாய்ந்து நின்றான். அன்றைக்கு நான் அவனை எதுவும் கேட்டிருக்கவில்லை. முந்தைய நாள் சினிமாவுக்குப் போய்விட்டு வந்திருந்தான், நன்றாக இருக்கிறான் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

"அம்மா, ரெண்டு மூணு நாளா திரும்ப அந்த மாதிரி இருக்குது. நேத்தே சொல்லலாம்னு பாத்தன். சொல்ல முடியல."

நான் அடுப்பை அணைத்தேன். உட்காரச் சொன்னேன். நானும் உட்கார்ந்தேன். அவன் அப்பாவும் வந்து உட்கார்ந்தார். அன்றைக்கே அந்த டாக்டரிடம் பேசினோம், மறுநாள் காலையில் போய்ப் பார்த்தோம். மாத்திரையை மாற்றிக் கொடுத்தார். அடுத்த வாரமும் வரச் சொன்னார். போய்க்கொண்டிருக்கிறோம். இப்போது பரவாயில்லை என்கிறான். அவன் சொன்னால் நான் நம்புகிறேன்.

டாக்டரைப் பார்த்த அன்று ஊர் திரும்பியதும் ஓசூருக்குப் போன் செய்தேன். மிலிட்டரிக்காரர்தான் எடுத்தார். அங்கே தண்ணீர் லாரி எத்தனை மணிக்கு வருகிறது என்று சொல்ல ஆரம்பித்தார். நான் குறுக்கிட்டு நடந்ததைச் சொன்னேன்.

"யாரு கேட்டது? நீங்களா?"

"யாரும் கேக்கலைங்க. அவனே வந்து சொன்னான்."

அந்தப் பக்கம் ஏதோ தட்டிவிட்டதுபோல ஒரு சத்தம். பிறகு அவர் மனைவியின் குரல் வந்தது.

"என்னா சொன்னீங்க டீச்சரு? ஃபோன என் கையில குடுத்துட்டுப் போயி, கொழாயத் தொறந்து வுட்டுக்கிட்டு மூஞ்சியக் கழுவிக்கிட்டே நிக்கிறாரு."

அவளிடமும் அதையே சொன்னேன். தண்ணீர் விழுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"நிக்கட்டும்" என்றாள். "நீங்க ஃபோன வச்சிடாதீங்க."